தவக்கால ஒறுத்தல்: தனியாகவா, துணையோடா, குழுவாகவா?

தவக்காலத்தைத் தொடங்கிவைக்கும் திருநீற்றுப் புதன் நெருங்கும்போது, இவ்வாண்டு எதை விடப்போகிறோம் என்ற கேள்விக்குப் பலரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும். இனிப்பு, புகை, மது, புறணி, நள்ளிரவு தாண்டியும் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பது என்று பட்டியல் நமக்குப் பழகியதுதான். யாரோடு சேர்ந்து விடப்போகிறோம் என்பதைத்தான் முன்கூட்டித் தீர்மானிக்காமல் விட்டுவிடுகிறோம். யாருக்கும் தெரியாமல் தனியே நோற்பது ஒரு வழி; நம்பிக்கைக்குரிய ஒருவரைத் துணையாகக் கொண்டு நோற்பது இன்னொன்று; குடும்பமாகவோ நண்பர் குழுவாகவோ நோற்பது மூன்றாவது. மூன்றையும் வெவ்வேறு ஆண்டுகளில் முயன்று, மூன்றிலும் ஓரளவு தோற்றவன் என்ற தகுதியோடு சொல்வதென்றால், விடப்படும் பொருள் எதுவோ அதுவே ஏற்ற வழியையும் தீர்மானிக்கிறது.

துணையைப் பற்றிய பேச்சு ஏன் எழ வேண்டும் என்று கேட்கலாம். இலத்தீன் முறைக் கத்தோலிக்கருக்கு இன்றைய திருச்சபைச் சட்டம் கட்டாயமாக்குவது மிகக் குறைவு. 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறையும் வரை திருநீற்றுப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒருசந்தி, அதாவது நாளில் ஒருவேளை மட்டும் முழு உணவு என்ற நோன்பு, இருக்க வேண்டும். 14 வயது நிறைந்தவர்கள் அவ்விரு நாட்களிலும் தவக்கால வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சியைத் தவிர்த்துச் சுத்தபோசனம் காக்க வேண்டும். 1966ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் பழைய ஒழுங்குகளைத் தளர்த்திய பின், எஞ்சிய நாட்களின் ஒறுத்தல் பெரும்பாலும் அவரவர் தெரிவுக்கு வந்துவிட்டது. நோன்புக்கென்று சட்டமே வகுக்காத சபைகளில் அது முழுவதுமே அவரவர் தெரிவுதான். இதற்கு மாறாக, ஆர்த்தடாக்ஸ் முதலிய கீழைத் திருச்சபைகளின் தவக்காலமான பெருநோன்பில் இறைச்சி, முட்டை, பால்பொருள்கள் அனைத்தையும் எல்லோரும் ஒருங்கே விலக்கும் மரபு இன்றும் உள்ளது. அங்கே ஒரே அடுப்பு, ஒரே விலக்கு. ஒருவரை ஒருவர் தாங்குவதற்கெனத் தனி ஏற்பாடு எதுவும் தேவைப்படுவதில்லை. நாமோ ஆளுக்கொன்றை விடுகிறோம்: ஒரே வீட்டில் கணவர் சிகரெட்டையும் மனைவி இனிப்பையும் மகள் கைப்பேசி விளையாட்டையும் விடுகிறார்கள். முன்பு வழக்கமே தந்த துணையை இப்போது நாமே தேடி அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தனிவழியின் பக்கம் நிற்கும் சான்று வலுவானது. திருநீற்றுப் புதனன்று வாசிக்கப்படும் மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம், ஈகையையும் செபத்தையும் நோன்பையும் மறைவில் செய்யச் சொல்கிறது. நோன்பிருப்பவர் முகவாட்டம் காட்டாமல் தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் கழுவிக்கொள்ளட்டும் என்கிறது. (அதைக் கேட்ட கையோடு நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வெளியே வருகிறோம் என்பது வேறு கதை.) பிறர் பாராட்டுக்காகச் செய்யும் ஆசை தனிவழியில் தலையெடுப்பதில்லை. ஆனால் அங்கே குற்றம் சாட்டப்பட்டவரும் வழக்கறிஞரும் நீதிபதியும் ஒருவரே என்பதால், தீர்ப்பு எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்கிறது. தேநீரில் போடும் சர்க்கரை இனிப்பாகுமா, தேன் இனிப்பாகுமா, அலுவலகத்தில் ஒருவர் பிறந்தநாளுக்கு நீட்டிய கேக்கை மறுப்பது அன்புக்குப் பொருந்துமா என்று வழக்கு நீண்டுகொண்டே போகும். இந்தச் சிக்கல் இன்று முளைத்ததன்று. 13ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், இனிப்பூட்டிய லேகியங்கள் செரிமானத்துக்காக உண்ணப்படுவதால் நோன்பை முறிப்பதில்லை என்று எழுதிவிட்டு, ஏய்க்கும் எண்ணத்தோடு உணவைப்போல நிறைய உண்டால் அது செல்லாது என்றும் சேர்த்து எழுதினார். அந்த இரண்டாவது பகுதியைத் தனியாக நோற்பவருக்கு நினைவூட்ட ஆளில்லை.

குழுவழி இனிப்புக்கு மிகவும் பொருந்துகிறது. இனிப்பு, கையெட்டும் தூரத்தில் இருந்தால் உண்ணப்படுவது, இல்லாவிட்டால் பெரும்பாலும் மறக்கப்படுவது. வீட்டிலுள்ள அனைவரும் சேர்ந்து முடிவெடுத்தால் அது கடையிலிருந்து வீட்டுக்கு வருவதே நின்றுபோகும். ஒவ்வொரு மாலையும் மனவுறுதியைத் தேடி எடுக்க வேண்டிய வேலையும் அதோடு தீர்ந்தது. எல்லை எது என்ற வாதத்தையும் குழு ஒரே நாளில் முடித்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு நல்ல அளவுகோல்: உணவிலும் பானத்திலும் சேர்க்கப்படும் சர்க்கரையோடு தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையையும் அது ஒரே கணக்கில் சேர்க்கிறது; முழுப் பழத்தில் உள்ளதைச் சேர்ப்பதில்லை. இந்தக் கணக்கில் வரும் சர்க்கரை நாள்தோறும் பெறும் ஆற்றலில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்கும் கீழே, அதாவது ஏறத்தாழ 25 கிராமுக்குள், இருப்பது இன்னும் நல்லது என்றும் அது சொல்கிறது. முதல் நாளிலேயே இப்படி ஒரு வரம்பை எழுதி ஒட்டிக்கொண்ட குழுவில் தேனைப் பற்றிய வழக்கு எழாது. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் மட்டும், சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்துவிடும் ஆபத்து இருப்பதால், மருத்துவரிடம் கேட்காமல் உணவை மாற்றக்கூடாது.

அதே குழுவழி தீய பழக்கத்திடம் வந்ததும் தளர்ந்துபோகிறது. நான் சேர்ந்திருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் முதல் வாரம் முழுவதும் வெற்றிக்குறிகள் வரிசையாக விழுந்தன. இரண்டாம் வாரத்தில் யார் அதிகம் விட்டார்கள் என்ற மெல்லிய போட்டி நுழைந்தது. மூன்றாம் வாரத்தில் சிலர் பேசாமலானார்கள். தவறியவர்கள்தாம் பேசாமலானார்கள் என்பதும், துணை அப்போதுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது என்பதும் தவக்காலம் முடிந்து உயிர்ப்பு விழா (ஈஸ்டர்) வந்த பிறகே புரிந்தது. இனிப்பு உண்டதை இருபது பேர் முன்னிலையில் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளலாம். மனைவியிடம் மீண்டும் கத்தினேன், மீண்டும் ஆபாசப் படம் பார்த்தேன் என்று இருபது பேரிடம் யார் சொல்வார்? அறிவிப்பதிலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் உடன் ஆய்ந்தோரும் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தாம் ஆக விரும்பும் ஆளுமையோடு தொடர்புடைய ஓர் எண்ணத்தைப் பிறர் அறிந்துகொண்டபோது, அதைச் செயலாக்கும் முனைப்புக் குறைந்தது. சொன்னதே பாதி செய்ததுபோல் மனம் நிறைந்துவிடுகிறது போலும்.

இருவராக நோற்கும் வழிதான் தீய பழக்கத்துக்கு ஏற்றது என்பது என் கணிப்பு. மறைவில் நோன்பிரு என்ற கட்டளைக்கும் துணைக்கும் முரண் இல்லையா என்று தயங்குபவர்களுக்கு, 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கின் 49ஆம் அதிகாரம் விடை தருகிறது. தவக்காலத்தில் ஒவ்வொருவரும் உணவிலோ பானத்திலோ உறக்கத்திலோ வீண்பேச்சிலோ எதையாவது தம் விருப்பத்தோடு மகிழ்ச்சியாகக் குறைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லும் அவர், அதை முன்னதாக மடத்துத் தலைவரிடம் தெரிவித்து அவர் செபத்தோடும் இசைவோடும் செய்ய வேண்டும் என்கிறார். தெரிவிக்காமல் செய்வது வீண்பெருமையின் கணக்கில் சேரும் என்பது அவர் எச்சரிக்கை. ஒருவரிடம் சொல்வது மறைவைக் கெடுப்பதில்லை. மறைவுக்குள் ஒளிந்துகொள்ளும் பெருமையைத்தான் கெடுக்கிறது. தனியாளாய் இருப்பதினும் இருவராய் இருப்பது மேல், ஒருவர் விழுந்தால் மற்றவர் தூக்கிவிடுவார் என்ற, விவிலியத்தின் சபை உரையாளர் நூலின் சொல்லும் இவ்வழியில்தான் நிற்கிறது. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரு குடிநோயாளிகளின் சந்திப்பிலிருந்துதான் குடியிலிருந்து மீள ஒருவருக்கொருவர் உதவும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம் பிறந்தது. அது பெரும் இயக்கமாக வளர்ந்த பிறகும், புதிதாக வருபவர் முன்பே மீண்டு வந்த ஒருவரைத் தனக்கெனத் துணையாகப் பெறும் வழக்கம் அங்கே மாறவில்லை.

துணையைத் தேர்ந்தெடுப்பதில் நாம் கோட்டைவிடுவது உண்டு. ஒரே பலவீனம் உடைய இருவர் இணைந்தால் ஒருவர் சலுகை கேட்கும்போது மற்றவர் தாமும் அதைப் பெற்றுக்கொள்கிறார். புகைப்பவர் புகைப்பவரைத் துணையாகக் கொண்டு, ஒரே நாளில் இருவரும் ஒன்றாக வெளியே சென்று ‘இன்று மட்டும்’ என்று பற்றவைத்ததை நான் கண்டிருக்கிறேன். கோபத்தை விட முயல்பவருக்கு அக்கோபத்தை நாள்தோறும் வாங்கிக்கொள்ளும் வாழ்க்கைத் துணை நல்ல சாட்சி. ஆனால் கணக்குக் கேட்கும் பொறுப்பையும் அவர் தலையில் கட்டுவது நியாயமன்று. மூத்த நண்பரோ ஞானத் தகப்பனோ தாயோ, நம் தோல்வியைக் கேட்டு அதிர்ச்சி அடையாதவராகவும் அதைப் பிறரிடம் சொல்லாதவராகவும் இருந்தால் போதும். ‘எப்படிப் போகிறது?’ என்ற கேள்விக்கு ‘பரவாயில்லை’ என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது. ‘சென்ற புதனிலிருந்து இன்றுவரை எத்தனை முறை?’ என்று கேட்பவரே உதவுகிறார். ஒருவர் மற்றவரிடம் பாவங்களை அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் வேண்டுங்கள் என்ற, விவிலியத்தின் யாக்கோபு திருமுகத்து அறிவுரையில் இரண்டாவது பாதியை மறந்துவிட்டால், துணை வெறும் மேற்பார்வையாளராகச் சுருங்கிவிடுவார். கீழைத் திருச்சபைகளில் பெருநோன்பு தொடங்குவதற்கு முன்பு வரும் மன்னிப்பு ஞாயிறன்று எல்லோரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்கள். துணையாகப் போகும் இருவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் மூன்று வழிகளுக்கும் அப்பால் வைக்க வேண்டும். நாள்தோறும் அதிகமாகக் குடித்துப் பழகியவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். அவருக்கு நண்பரின் துணைக்கு முன்பாக மருத்துவரின் துணை வேண்டும்.

தனிவழிக்கு மிஞ்சுவது ஈகை. இனிப்பிலும் புகையிலும் மிச்சமான பணத்தை யாருக்குக் கொடுத்தோம் என்பது குழுவுக்கும் வேண்டாம், துணைக்கும் வேண்டாம். பசித்தவரோடு உணவைப் பகிர்வதையே நோன்பு என்று விவிலியத்தில் எசாயா நூலின் 58ஆம் அதிகாரம் அழைப்பதால் இதை விட்டுவிடவும் முடியாது.

கால அளவிலும் இனிப்பும் தீய பழக்கமும் பிரிகின்றன. திருநீற்றுப் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய நாள் வரை 46 நாட்கள். இடையில் வரும் 6 ஞாயிறுகளை நீக்கினால் 40. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் அன்று ஒறுத்தலைத் தளர்த்தலாம் என்பவர்கள் உண்டு. இனிப்பில் இத்தளர்வால் கேடில்லை, மகிழ்ச்சியும் உண்டு. புகையிலும் புறணியிலும் வாரம் ஒருநாள் விடுமுறை என்பது பழக்கத்துக்கு ஊட்டும் தீனிதான். இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் குழுவினரும் நடத்தி 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நிகழும் வழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. அப்படியானால் தவக்காலம் முடியும்போது பலருடைய புதிய வழக்கம் இன்னும் வேர்பிடித்திருக்காது. இனிப்பை விட்ட குடும்பம் உயிர்ப்பு ஞாயிறன்று கேக்கை வெட்டிக் கணக்கை நிறைவாக முடித்துக்கொள்ளலாம். புகையையோ புறணியையோ விட்ட இருவர், புனித வாரம் தொடங்கும் முன்பே, உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை யார் யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்பதையும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.