ஒரே டிஷ், இரண்டு ரேடியோ: செக்கானூரணிப் பக்கம் ஆறு வருட அனுபவம்

கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்த நான் இணைய இணைப்பும் கொடுக்க ஆரம்பித்தபோது, மதுரையை அடுத்த செக்கானூரணிப் பக்கம் வரைக்கும்தான் ஃபைபர் எட்டியது. அங்கிருந்து உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு 11 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் கம்பி இழுக்கக் கையில் காசில்லை. இரண்டு முனையிலும் அறுபதடி டவர், இரண்டடி டிஷ், அதன் பின்னால் இணையத்தைக் காற்றிலேயே அனுப்பும் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. ஆறு வருடத்தில் ரேடியோ ஜோடி ஒருமுறை மாறியது. டிஷ் இன்னும் அதேதான்.

ஏன் 5 கிகா என்று கேட்பவர்களுக்கு: 2018 அக்டோபரில் அந்தப் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமலே பயன்படுத்த மத்திய அரசு அனுமதித்தது. எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு அதுதான் வழி திறந்த நாள். 60 கிகாவில் வேகம் அள்ளும் என்றார்கள். நான் வாங்கிய சமயத்தில் அது நம் நாட்டு உரிம விலக்குப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் 11 கிலோமீட்டருக்குத் தாங்காது; அந்த அலையைக் காற்றில் உள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபல் விழுங்கிவிடும்.

யூபிக்விட்டி, கேம்பியம், மிமோசா, மைக்ரோடிக் என்று சந்தையில் நாலைந்து பெயர். இதில் மிமோசாவை 2023-ல் ஜியோவின் துணை நிறுவனமான ராடிசிஸ் வாங்கிவிட்டது. நம் வாடிக்கையாளரை இழுக்கிறவர் கையிலேயே நம் டவருக்கான ரேடியோவும்! சரி, அது கிடக்கட்டும். என்னிடம் இருந்த இரண்டு மாடலும் இப்போது கடையில் இல்லாத பழசு. அதனால் ரகத்தை மட்டும் சொல்கிறேன்.

முதல் ஜோடி 24 வோல்ட் ரகம். அதன் அருமை மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றுதான் தெரியும். காலை ஒன்பதுக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து நேரே ரேடியோவுக்குக் கொடுத்துவிடலாம், இன்வெர்ட்டரே வேண்டாம். ஆனால் டேட்டாவும் கரண்டும் சேர்ந்து மேலே போகும் கேபிளில் மிச்சம் பிடிக்கக் கூடாது. நான் முதலில் போட்டது செம்பு பூசிய அலுமினியக் கம்பி. அறையிலிருந்து டவர் உச்சி வரை 40 மீட்டர் போவதற்குள் வோல்டேஜ் இறங்கி, பேட்டரி கொஞ்சம் தளர்ந்ததுமே ரேடியோ அணைந்து அணைந்து எரியும். சுத்தச் செம்புக் கேபிள் மாற்றிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. இரண்டாவது ஜோடி 48 வோல்ட். இழப்பு குறைவுதான், ஆனால் நான்கு பேட்டரி வேண்டும்.

வேகத்துக்கு வருகிறேன். பெட்டியில் 866 எம்பிபிஎஸ் என்று அச்சடித்திருக்கும். அது 80 மெகா அகலச் சேனலில், காற்றில் ஓடும் கணக்கு. அனுப்புவதும் வாங்குவதும் ஒரே சேனலை மாறி மாறிப் பங்கிட்டுக்கொள்வதால் கைக்கு வருவது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. நான் 80-ஐ ஒரு மாதம்கூட ஓட்டவில்லை. சேனலை இரண்டு மடங்கு அகலமாக்கினால் அதற்குள் வரும் நாய்ஸும், அதாவது வேண்டாத இரைச்சலும், 3 டெசிபல் ஏறும். பக்கத்து ஊர் ஆபரேட்டரின் சேனல் வேறு குறுக்கே விழும். 40-க்கு இறக்கினேன். பகலில் சோதித்தால் வேகம் குறைவாகத்தான் தெரியும். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல், ஊரே போனை எடுத்து உட்காரும்போது, பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) ஏறாமல் நின்றது. ரேடியோ வாங்குகிறவர்கள் எட்டிலிருந்து பதினொன்று வரை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது ஜோடியில் ஜிபிஎஸ் ஒத்திசைவு உண்டு. ஒரே டவரில் இருக்கும் ரேடியோக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் கேட்கும். ஒன்றின் சத்தம் இன்னொன்றின் காதை அடைக்காது. டவரில் ஒரே லிங்க் இருந்த வரை எனக்கு இதனால் பத்துப் பைசா பிரயோசனம் இல்லை. பிங்தான் 2 மில்லி விநாடியிலிருந்து 6 ஆனது. அதே டவரில் இன்னொரு கிராமத்துக்கு இரண்டாவது லிங்க் போட்டபோதுதான் கொடுத்த காசுக்கு அர்த்தம் தெரிந்தது. அதுவும் இரண்டு லிங்கும் ஒரே கம்பெனி ரேடியோவாக இருந்தால்தான்.

இடி மின்னல் இரண்டு ஜோடி ரேடியோவையும் ஒரே மாதிரிதான் அடித்தது. ஐப்பசியில் ஒருநாள் லிங்க் இருக்கிறது, சிக்னல் இருக்கிறது, வேகம் மட்டும் நூறைத் தாண்டவில்லை. கேபிள் மாட்டும் போர்ட்டில் ஒரு ஜோடிக் கம்பி செத்துப்போய், ஆயிரத்திலிருந்து நூறுக்கு இறங்கியிருந்தது. எர்த்தைச் சரிசெய்து, இரண்டு முனையிலும் மின்னல் பாய்ச்சலைத் தரைக்கு இறக்கும் சர்ஜ் அரெஸ்டர் போட்ட பிறகு இதுவரை போகவில்லை.

இப்போது என் முட்டாள்தனம். நாலாவது வருடம் சிக்னல் மைனஸ் 63-லிருந்து மைனஸ் 69-க்கு இறங்கியது (மைனஸ் எண் பெரிதானால் சிக்னல் பலவீனம்). ஆடிக் காற்றில் ஊசலாடவும் செய்தது. டிஷ்ஷைத் திருப்பிப் பார்த்தேன், கனெக்டரை மாற்றினேன். ரேடியோவுக்கு வயசாகிவிட்டது என்று முடிவுகட்டித்தான் இரண்டாவது ஜோடியையே வாங்கினேன். மாட்டினால், அதே மைனஸ் 69!

மறுநாள் பைக்கை எடுத்துக்கொண்டு லிங்க் போகிற நேர்கோட்டில் போனேன். பாதி வழியில் ஒரு தென்னந்தோப்பு. டவர் போட்டபோது அது என் கணக்கிலேயே இல்லை. டிஷ்ஷுக்கு டிஷ் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை போகும் நேர்கோட்டைச் சுற்றி அதற்குத் தேவைப்படும் இடத்துக்கு ஃப்ரெனல் மண்டலம் என்று பெயர். 11 கிலோமீட்டருக்கு நடுப்பகுதியில் அதன் ஆரமே சுமார் 12 மீட்டர். அதில் அறுபது சதவீதம், அதாவது ஏழு மீட்டருக்கு, கோட்டுக்குக் கீழே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பூமியின் வளைவுக்கு இன்னும் இரண்டு மீட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும். மட்டைகள் அதற்குள் புகுந்துவிட்டிருந்தன.

நான் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு தோப்புக்காரர் வந்தார். "என்ன தம்பி, மரத்தை வெட்டச் சொல்லப் போறியாக்கும்?"

"ஐயோ, இல்லண்ணே. உயரம் பாக்கத்தான் வந்தேன். இது குட்டை ரகமா?"

"நெட்டை. இன்னும் போகும்."

இரண்டு டவரிலும் பத்தடி பைப் ஏற்றினோம். சிக்னல் மைனஸ் 65-க்குத் திரும்பியது. பழைய ஜோடி சிக்னலில் ஒரு குறையும் இல்லாமல் இப்போது ஸ்பேராக அலமாரியில் இருக்கிறது. பைப் வாங்கும்போதே அடுத்த பத்தடிக்கும் சேர்த்து வாங்கி மொட்டை மாடியில் போட்டு வைத்திருக்கிறேன்.