கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வந்த சுண்ணாம்புக் கொத்தனார்கள்

பினாங்கில் எங்கள் தேவாலயப் பங்கின் பழைய கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி ஆள் உயரச் செங்கல் சுவர் உண்டு. அதன் ஓரமாகத்தான் என் பாட்டியைப் புதைத்திருக்கிறோம். அந்தச் சுவர் சாலைப் பக்கம் வயிறு தள்ளி நிற்பதைப் பார்த்துவிட்டுப் பங்குப் பேரவையில் முதலில் எழுந்து பேசியது நான்தான்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு குத்தகையாளர் வந்து சுவரில் 40 அடிக்குச் சிமெண்ட் பூசி, பெயிண்டும் அடித்துவிட்டுப் போனார். முதல் வருடம் பளிச்சென்று இருந்தது. அடுத்த மழைக்கே பூச்சு உப்பிப் பாளம் பாளமாக விழ ஆரம்பித்தது. விழும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. அதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

இந்த முறை வந்தவர்கள் ஒரு அப்பாவும் மகனும். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் மோட்டார் சைக்கிளோடு வருவார்கள். கடை, பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. சுண்ணாம்பு வேலை மட்டும்தான் செய்கிறார்கள். முதல் நாள் கரணையைக் கையில் எடுக்கவே இல்லை. பெரியவர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். பொத்தென்று சத்தம் கேட்ட இடத்திலெல்லாம் மகன் கரியால் வட்டம் போட்டார். அப்புறம் பெரியவர் தோட்டத்துக்குள் போய் நின்று, "அம்மா, இந்தப் பக்கத்து மண்ணு ரோட்டை விட எவ்வளவு உசரம் பாருங்க" என்றார்.

முழங்கால் அளவு உயரம். தலைமுறை தலைமுறையாகப் புதைத்த இடத்தில் மண் மேலே ஏறிக்கொண்டே வரும். அந்த மண் குடிக்கிற மழைத் தண்ணீர் வடியட்டும் என்று, கட்டியவர்கள் சுவரின் அடியில் துளைகள் விட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு துளைகளையும் சிமெண்ட் அடைத்திருந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் சுவரைத் தள்ளியிருக்கிறது. இத்தனை வருடம் அந்த வழியாக நடந்த எங்களில் ஒருவர் கண்ணிலும் இது படவில்லை.

துளைகளைத் திறந்தார்கள். அரசஞ்செடிகளை வேரோடு எடுத்தார்கள். மோசமாகச் சாய்ந்த எட்டு அடியை மட்டும் பிரித்து, அதே செங்கல்லை வைத்துத் திரும்பக் கட்டினார்கள். பூச்சுக்கு நீற்றிப் பல வாரம் ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும்தான், சிமெண்ட் ஒரு கரண்டி கூட இல்லை. செங்கல் இழுத்த ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறி உலர்ந்துவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே பிடித்து வைக்கும், உப்பு செங்கல்லுக்குள்ளேயே பூத்து அதை உடைக்கும். லெபோ ஃபார்குவாரில் 1818இல் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைத் தாண்டும்போதெல்லாம், அந்தக் காலத்துச் செங்கல் வேலையும் இப்படி மூச்சு விட்டுத்தான் நிற்கிறது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் இறுகும், அதற்கு நாள் ஆகும். மெல்லிய பூச்சாக மூன்று முறை பூசி, ஒவ்வொரு முறையும் ஈரச் சாக்கு போட்டு மூடினார்கள். மழை வந்தால் வேலை நிற்கும். இரண்டு வாரம் என்று சொன்னது ஐந்து வாரம் ஆனது. செப்டம்பரில் தொடங்கியது எங்கள் தப்பு, இங்கே அது அடைமழைக் காலம்.

செலவு 9,600 வெள்ளி (ரிங்கிட்). சிமெண்டை விட அதிகம்தான், ஆனால் கொடுத்த காசுக்கு வேலை இருக்கிறது. ஒரே குறை, விலையை எழுதிக் கொடுக்க மாட்டார்கள். பங்குக் கணக்குக்குத் தாள் வேண்டும் என்று நான் எழுதி, பெரியவரிடம் கையெழுத்து வாங்கினேன். ஒரு கல்லறைக் கல்லில் சுண்ணாம்பு தெறித்திருந்ததைக் காட்டினேன். காய்வதற்குள் மகனே தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டார்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று ஃபாதர் மந்திரித்துக்கொண்டு வரும்போது நல்ல மழை. பாட்டிக்கு மெழுகுவர்த்தி ஏற்ற முடியவில்லை, குடையோடு நின்றேன். சுவரின் வெளிப்பக்கம் போய்ப் பார்த்தால் பன்னிரண்டு துளையிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கச் சுவர் இன்னும் பாக்கி. மழை ஓய்ந்ததும் ஜனவரியில் அவர்களையே வரச் சொல்லியிருக்கிறோம்.