இளம்பெண்களுக்கான சபைப் பயிலரங்கு – ஒரு மதிப்பீடு

திருநெல்வேலிப் பக்கத்துச் சபை ஒன்று, பதினொன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரி இறுதியாண்டு வரை படிக்கும் பெண்பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமையில் ஒரு முழுநாள் பயிலரங்கை நடத்திவருகிறது. தன் உடலைக் குறித்த தாழ்வு மனப்பான்மையை விசுவாசத்தின் துணையோடு எப்படிக் கடப்பது என்பதே அதன் பொருள். மதிய உணவையும் சேர்த்துக் கட்டணம் 300 ரூபாய். அக்காள் மகளை அழைத்துச் சென்ற நானும், பெரியவர்களுக்கெனப் பின்வரிசையில் போட்டிருந்த நாற்காலியில் அமர்ந்து முழுவதையும் கேட்டேன். காலை அமர்வுகளை நம்பி எந்தப் பிள்ளையையும் அனுப்பலாம். பிற்பகலைத் திருத்தியமைக்காத வரை முழுநாளுக்கும் அப்படிச் சொல்ல என்னால் இயலாது.

தொடக்கத்தில் ஆளுக்கொரு துண்டுத்தாளைக் கொடுத்து, உங்கள் உடலைப் பற்றி உங்களைப் புண்படுத்திய முதல் சொல் எது, அதைச் சொன்னவர் உங்களுக்கு என்ன உறவு என்று பெயரின்றி எழுதச் சொன்னார்கள். தாள்களைக் குலுக்கி வாசித்தபோது சினிமாவும் கைப்பேசியும் அரிதாகவே வந்தன. அத்தை, சித்தி, ஆச்சி, ஞாயிறு பள்ளி டீச்சர் என்று வீட்டாரும் சபையாருமே வரிசையாக வந்தார்கள். ‘திடப்படுத்தல் ஆராதனை போட்டோவில் வெள்ளைச் சேலைதான் தெரியுது, உன்னைக் காணோம்’ என்று ஒரு தாளில் இருந்தது. அதற்குச் சில பிள்ளைகள் சிரித்தார்கள். வாசித்த அம்மையார் சிரிக்காமல் அதே வரியை மறுபடியும் நிதானமாக வாசித்தார், அரங்கம் அடங்கிவிட்டது.

பின்னர் வந்த வேதபாடம்தான் இந்தப் பயிலரங்கின் பலம். ‘நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால்’ என்னும் 139-ஆம் சங்கீத வசனம் நம் பிள்ளைகள் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தது. அதையே இன்னொரு முறை சொல்லி அனுப்பியிருந்தால் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது. பாடம் நடத்தியவர் அதை விரைவாகக் கடந்து, யாக்கோபின் முதல் மனைவியும் ராகேலின் அக்காளுமான லேயாளிடம் போனார். ராகேல் ரூபவதி என்றும் லேயாளின் கண்கள் கூச்சப்பார்வையாயிருந்தன என்றும் ஆதியாகமம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. லேயாள் அற்பமாய் எண்ணப்பட்டதைக் கர்த்தர் கண்டார் என்று சொல்கிறதேயன்றி, அவள் பிற்பாடு அழகியானாள் என்று எங்கும் சொல்லவில்லை. அவள் பெற்ற யூதாவின் வழியில்தான் இயேசுவின் வம்சவரலாறு செல்கிறது. ஏசாயா 53-இல் வரும், இயேசுவென்றே நாம் வாசிக்கும் துன்புறும் தாசனுக்கோ, ‘அழகுமில்லை, சௌந்தரியமுமில்லை’. உயிர்த்தெழுந்த பிறகும் கிறிஸ்துவின் சரீரத்தில் ஆணிக்காயங்கள் இருந்தன, அவற்றைத் தோமாவுக்குக் காட்டினார் என்று அவர் சொன்னபோது, முன்வரிசையில் ஒரு பிள்ளை, முழங்கை வரை இழுத்துவிட்டிருந்த துப்பட்டாவைச் சற்றே விலக்கிக்கொண்டாள். உன்னதப்பாட்டில் வரும் பெண், வெயில் பட்டதாலும் திராட்சத்தோட்டத்தில் காவல் இருந்ததாலும் கறுத்தேன் என்கிறாள். நிறத்தைப் பற்றிய ஏளனத்தில் வெயிலில் உழைப்பவர்மீதுள்ள இளப்பமும் கலந்திருக்கிறது என்பதை அந்த இரண்டு வசனங்களைக் கொண்டே அவர் விளக்கினார். பளிச்சென்ற உபதேசம், இப்படிப் பிரசங்க பீடத்திலிருந்து நான் கேட்டதில்லை.

உணவு முடிந்ததும் வாசலில் எடை பார்க்கும் இயந்திரத்தை வைத்துவிட்டார்கள். எல்லார் முன்னிலையிலும் ஏறி இறங்க வேண்டும். காலையில் கட்டியதில் பாதியை அந்த இயந்திரமே இடித்துவிட்டது. அடுத்துப் பேசியவர், சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்னும் 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகார வசனத்தை எடுத்துக்கொண்டு, பருமன் ஆலயத்தைத் தீட்டுப்படுத்துவதாகும் என்றார். அந்த இடத்தில் பவுல் பேசுவது வேசித்தனத்தைப் பற்றி, இடுப்பளவைப் பற்றியல்ல. தானியேலின் பத்து நாள் மரக்கறி உணவை இளைப்பதற்கான வழியாக அச்சிட்ட தாள் ஒன்றும் கைக்கு வந்தது. கலிபோர்னியாவின் சாடில்பேக் சபை 2011-இல் தொடங்கிய ‘டேனியல் பிளான்’ என்னும் உடல்நலத் திட்டம் முதலாக இது பலருக்கும் பழகிய யோசனைதான். ஆனால் தானியேல் 1-ஆம் அதிகாரத்தின் 15-ஆம் வசனத்தைப் படித்தால், பத்து நாளுக்குப் பின் தானியேல், அவன் தோழர் ஆகிய வாலிபர்களின் ‘சரீரம் புஷ்டியுள்ளதாயும்’ காணப்பட்டது என்றிருக்கிறது!

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். லெந்து என்னும் தவக்கால நாட்களின் உபவாசத்தை ஈஸ்டருக்குப் பிறகும் தொடரலாமா, இப்போதெல்லாம் தனக்குப் பசியே எடுப்பதில்லை என்று ஒரு மாணவி கேட்டபோது, அவளுடைய வைராக்கியத்தைப் பாராட்டி எல்லாரையும் கைதட்டச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. உபவாசத்தின் பெயரால் உணவை வெறுப்பது திருச்சபைக்குப் புதிதல்ல; சியன்னா நகரத்துப் புனித கத்தரீன், குருவானவர்களே சாப்பிடச் சொல்லியும் கேளாமல் உணவை ஒறுத்து, 1380-இல் 33 வயதில் இறந்தார். பசி மறைந்துபோன ஒரு பிள்ளைக்கு அன்று தேவைப்பட்டது கைதட்டல் அல்ல, தனியே அழைத்துப் பேசி, வீட்டாருக்குச் சொல்லி, மருத்துவரிடம் அனுப்பிவைக்கும் ஒரு பெரியவர். அந்த மேடையில் மருத்துவரோ உளநல ஆலோசகரோ ஒருவரும் இல்லை.

அரங்கம் காற்றோட்டமானது, சாப்பாடு நன்று, குறித்த நேரத்தில் முடித்தார்கள். கருத்துப் படிவத்தில் மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தேன்: எடை இயந்திரத்தை எடுத்துவிடுங்கள், பிற்பகலை மருத்துவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள், தாய்மாருக்கும் ஓர் அமர்வு வையுங்கள். ஃபேர் அண்ட் லவ்லி என்ற பெயரை 2020-இல் அந்த நிறுவனமே மாற்றிவிட்டது. நம் சபைப் பத்திரிகைகளின் மணமக்கள் தேவைப் பகுதியில் ‘சிவந்த நிறம்’ இன்னும் மாறவில்லை, அந்த விளம்பரங்களை எழுதிக் கொடுப்பவர்கள் பிள்ளைகள் அல்லர்.