பெட்டி ஒரிஜினல், கண்ணாடி டூப்ளிகேட்: 11,500 ரூபாய் போச்சு

ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்திலிருந்து வந்தேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பழைய பொருள் வாங்கி விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் கேமரா ஃபில்டர் வாங்கி 11,500 ரூபாயைத் தொலைத்துவிட்டேன். எப்படிச் சோதித்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் கதையைக் கேளுங்கள்.

ஓடுகிற தண்ணீர் படத்தில் பட்டு மாதிரி வர வேண்டுமென்றால் ஷட்டரை ஒரு வினாடியாவது திறந்து வைக்க வேண்டும். பகலில் அப்படி வைத்தால் படம் வெளுத்துப்போகும். அதற்குத்தான் என்.டி. ஃபில்டர், லென்ஸுக்குப் போடும் கூலிங் கிளாஸ். என்.டி.64 என்றால் வெளிச்சத்தில் 64-ல் ஒரு பங்குதான் உள்ளே போகும். என்.டி.1000 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த இரண்டோடு, தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும் ஒரு போலரைசரும் சேர்த்து, 77 மி.மீ. செட், பிரபல பிராண்டு, மூன்றே மாதம் பழசு என்று விளம்பரம். கூடவே அழகான ஒரு அருவிப் படம். அதில்தான் விழுந்தேன்.

திருநெல்வேலி புதுப் பேருந்து நிலையத்தில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பெட்டியைத் திறந்தவன் உடனே என் கையில் தரவில்லை. மஞ்சள் துணியை எடுத்து, வாயால் ஊதி, விளிம்பைச் சுற்றிச் சுற்றித் துடைத்தான். விரல் படாமல் இரண்டு பக்கமும் பிடித்து என் லென்ஸில் திருகினான். சிக்காமல் வழுக்கிக்கொண்டு ஏறியது. "கண்ணு மாதிரி வச்சிருந்தேன் அண்ணாச்சி, கல்யாணச் செலவு, அதான் கொடுக்கேன்" என்றான். அந்தத் துடைப்பைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு கேள்வியும் கேட்கத் தோன்றவில்லை. ராத்திரி ஏழு மணி, டியூப் லைட் வெளிச்சம். யூபிஐயில் 11,500 ரூபாயை அனுப்பிவிட்டு டீக்காசும் நானே கொடுத்தேன்.

ஞாயிறு விடியற்காலை. அருவியில் கூட்டம் என்பதால் கீழே சிற்றாற்றுப் பாறை ஒன்றில் ட்ரைபாடை ஊன்றினேன். ஃபில்டர் இல்லாமல் 1/15 வினாடி சரியாக இருந்தது. என்.டி.64 போட்டால் நாலு வினாடி வைக்க வேண்டும். வைத்தேன், ஒரே வெள்ளை. குறைத்துக் குறைத்து ஒரு வினாடிக்கு வந்த பிறகுதான் படம் தெரிந்தது. அதாவது 64 என்று எழுதியிருக்கும் கண்ணாடி 16-க்குத்தான் தேறும். என்.டி.1000 இன்னும் மோசம். தண்ணீரெல்லாம் செம்மண் கலர், மரத்து இலை காப்பித்தூள் கலர். மட்டமான கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மட்டும் தடுத்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை உள்ளே விட்டுவிடும். இலை அதைத்தான் அதிகம் திருப்பி அடிக்கும். சாரல் விழுந்ததைத் துடைத்தால் வளையத்தில் இருந்த பிராண்டு எழுத்து துணியோடு வந்துவிட்டது!

அங்கேயிருந்தே போன் அடித்தேன். "ஒயிட் பேலன்ஸ் மாத்திப் பாருங்க அண்ணாச்சி" என்றான். கேமராவில் கலரைச் சரிசெய்யும் செட்டிங் அது. மாற்றினேன், தண்ணீர் நீலமானது, இலை அப்படியேதான். சாயங்காலம், "மாமனார் வீட்டுல இருக்கேன், புதன்கிழமை வாரேன்." கல்யாணச் செலவு என்றவனுக்கு அதற்குள் மாமனார் எங்கிருந்து வந்தார்? புதன்கிழமை, "பெட்டி ஒரிஜினல்னுதானே சொன்னேன்." அப்புறம் பிளாக். தளத்துக்கு எழுதினால், விற்பவரும் வாங்குபவரும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளவும் என்று இயந்திரம் பதில் போடுகிறது. 11,500 ரூபாய் சாமி, என் ஒரு மாத வீட்டு வாடகை.

விவரமாக எழுதும் பொறுமை இப்போது இல்லை. பகலில் மட்டும் வாங்குங்கள். கேமராவைக் கொண்டுபோய், ஃபில்டரோடும் இல்லாமலும் ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு செடியையும் எடுத்துப் பாருங்கள், கணக்கும் கலரும் அங்கேயே தெரிந்துவிடும். எழுத்தை நகத்தால் சுரண்டுங்கள். பில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஏமாந்தால் தாமதிக்காமல் சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடியுங்கள். நான் நாலு நாள் கழித்துத்தான் அடித்தேன்.

நேற்று ராத்திரி அதே தளத்தில் அதே அருவிப் படம். இந்த முறை ஊர் மதுரை, விலை 12,500.