கேப்பர் மலையிலிருந்து கொல்லிமலைக்கு: ஐந்து வருடம் ஓட்டிய ஒரு 350 சிசி வண்டி

கடலூர்க்காரனுக்கு மலை என்றால் கேப்பர் மலைதான். டாப் கியரிலேயே பாதி ஏறிவிடலாம். அதை வைத்து மலையேற்றம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

வண்டி 2019-இல் வாங்கிய 350 சிசி பைக், கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) மாடல். 60,000 கி.மீ. தாண்டிவிட்டது. கம்பெனி பெயரைச் சொன்னால் சண்டைதான் வரும், விடுங்கள். முதல் மூன்று வருடம் புதுச்சேரி, சிதம்பரம், நெய்வேலி என்று தட்டையான ரோடுதான். உப்புக்காற்றில் ஸ்போக்ஸும் செயினும் துருப்பிடித்ததைத் தவிரக் குறையே தெரியவில்லை. அப்புறம்தான் ஆத்தூர், நாமகிரிப்பேட்டை வழியாகக் கொல்லிமலைக்குப் போனேன்.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். இடப்பக்கம் திரும்பும் வளைவுதான் வில்லங்கம். நம் பக்கம் உள்வட்டம், அங்கேதான் ஏற்றமும் செங்குத்து. மூன்றாவது கியரில் போய்ப் பாதி வளைவில் இன்ஜின் அணைந்தது. 190 கிலோ வண்டி பின்னால் உருள, முன் பிரேக்கைப் பிடித்தேன், நிற்கவில்லை, சறுக்கியது. ஏற்றத்தில் எடை முழுக்கப் பின் சக்கரத்தில் இருக்கும், பின் பிரேக்கை மிதித்தால்தான் நிற்கும். பயந்துபோய் அடுத்த வளைவுகளையெல்லாம் ஹாஃப் கிளட்சிலேயே ஏறினேன். கொஞ்ச நேரத்தில் கிளட்ச் கருகும் வாடை. வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கோ முதலுக்கோ இறக்கிவிட்டு, கண்ணை வளைவு முடியும் இடத்தில் வைத்தால் போதும் என்பது பாதி மலை ஏறிய பிறகுதான் புரிந்தது. முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி பள்ளத்தைத் தேடித்தான் போகும். மேலிருந்து பஸ் வந்தால் வளைவுக்குள் நுழையாமல் கீழேயே நின்றுவிடுங்கள். ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி என்று சட்டம் சொல்கிறது, ஆனால் பஸ்ஸுக்கு முழு ரோடும் வேண்டும்.

மலைமேல் செம்மேட்டில் டீ குடிக்க நிறுத்தினால், ஆக்சிலேட்டரை விட்டதும் ஐடிலிங்கில் வண்டி இருமியது. 1,200 மீட்டர் உயரத்தில் காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். கடல் மட்டத்துக்கு டியூன் செய்த கார்புரேட்டர் அதே அளவு பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். இது வண்டியின் கோளாறு அல்ல. பெட்ரோலை எலக்ட்ரானிக்காக அளந்து தெளிக்கும் இன்ஜெக்ஷன் வண்டி இதைத் தானே சரிசெய்துகொள்ளும்.

இறங்கும்போதுதான் வயிற்றைக் கலக்கியது. நாற்பதாவது வளைவு வாக்கில் பிரேக் லிவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டது. ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிட்டேன்; அதற்குள் குரங்கு ஒன்று வாழைப்பழத்தைக் கவரோடு தூக்கிக்கொண்டு போனது. திரும்பி வந்து மெக்கானிக் அண்ணனிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “பிரேக் ஆயில் எப்பப்பா மாத்தின?” மாற்றினதே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அது 155 வரைகூட இறங்கிவிடும். கடலோரத்து ஈரத்தில் மூன்று வருடம் ஊறிய ஆயில், பிரேக்கிலேயே தொங்கி இறங்கிய சூட்டில் கொதித்து ஆவியாகிவிட்டது. ஆவி அமுங்கிவிடும், அதனால்தான் லிவர் கைப்பிடி வரை வந்தது. தட்டையான ரோட்டில் இது காலத்துக்கும் தெரிந்திருக்காது.

அண்ணன் பின் டயரையும் தடவிக் காட்டினார். வருடக்கணக்கில் ஈ.சி.ஆர். நேர்ரோட்டில் ஓடி நடுப்பகுதி பலகை மாதிரி தேய்ந்திருந்தது. வளைவில் சாய்க்கும்போதெல்லாம் வண்டி திடுக்கென்று விழுகிற மாதிரி இருந்ததற்கு அதுதான் காரணம். நான் அதுவரை ரோட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றுகிறேன். எந்தக் கியரில் ஏறினேனோ அதே கியரில் இறங்குகிறேன், இன்ஜினே வேகத்தைப் பிடித்துவைக்கும். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது. செயினை இழுக்கும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தும் பார்த்தேன். ஏற்றத்தில் சுகம்தான், ஆனால் புதுச்சேரி ரோட்டில் இன்ஜின் கத்தோ கத்தென்று கத்தியது. பழையதையே மாட்டச் சொல்லிவிட்டேன்.

புதிதாகப் பழகுகிறவர்கள் நேராகக் கொல்லிமலைக்குப் போக வேண்டாம். கள்ளக்குறிச்சி தாண்டிக் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குக் கல்வராயன் மலையில் இரண்டு மூன்று முறை ஏறி இறங்குங்கள். நான் செய்திருக்க வேண்டியது அதுதான். என் மனைவி இன்னமும் கொல்லிமலை என்றால் பஸ்ஸில்தான் வருவேன் என்கிறாள்.