ஐம்பது கிலோமீட்டருக்கு இருநூறு கிலோமீட்டர் கட்டணம்

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயில் பாதையில் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தூரம். அந்தத் தூரத்தை வண்டியில் போய்ச் சேர ஆகும் செலவைப் போல இரு மடங்கு, போகாமல் இருப்பதற்கு ஆகும் என்பதை இம்முறை ஜெர்மனியிலிருந்து ஊருக்கு வந்தபோது தெரிந்துகொண்டேன். விமானம், வாடகைக் கார், வங்கி வேலை, பத்திரப் பதிவு எல்லாம் ஒழுங்காகவே முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

புனலூரில் இருக்கும் அத்தையைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று அம்மா நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பேருந்தில் ஆரியங்காவு வளைவுகளைத் தாண்டுவதற்குள் அவருக்குத் தலை சுற்றிவிடும். 2010-இல் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தி, 2018-இல் அகலப் பாதையைத் திறந்த பிறகு அவர் அந்த மலைப்பாதையில் போனதே இல்லை. ஆகவே ரயில்தான் என்று முடிவாயிற்று.

எந்த வண்டி என்பதில் பெரிய தேர்வு இல்லை. ஆரியங்காவுக்கு அருகிலுள்ள அருவியின் பெயரையே தாங்கிய பாலருவி எக்ஸ்பிரஸ், போகும்போதும் வரும்போதும் அந்த இடத்தை இருட்டில்தான் கடக்கிறது. அந்த வண்டியின் வழியே ஒரு விந்தை. பாலக்காட்டில் புறப்பட்டு, திருச்சூர், கோட்டயம், கொல்லம் என்று கேரளத்தின் நீளத்தில் பாதியை அளந்து, மலையேறி, செங்கோட்டை வழியாகத் திருநெல்வேலிக்கு வந்து, தூத்துக்குடி வரை போகிறது. பாலக்காட்டிலிருந்து திருநெல்வேலிக்கு மட்டும் போக நினைப்பவர் பொள்ளாச்சி, பழனி, மதுரை வழியாகப் போனால் ஒரு மாநிலத்தையே சுற்றிவர வேண்டியதில்லை. மதுரையிலிருந்து குருவாயூர் போகும் வண்டி மலையைப் பகலில் ஏறுவது உண்மை. ஆனால் குருவாயூரில் நடுநிசிக்குப் பிறகு இறக்கிவிடும். அங்கே கோயிலில் விடியலுக்கு முன் நடக்கும் நிர்மால்ய தரிசனத்துக்கு வருகிறவர்களுக்கு அது வசதி என்று வாதிடலாம். அத்தை வீட்டில் மதிய உணவுக்கு உட்கார வேண்டிய எங்களுக்கு, சென்னையிலிருந்து வந்து விடியற்காலையில் செங்கோட்டையைத் தொடும் கொல்லம் வண்டியே பொருந்தியது.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் இருக்கை உறுதியாக இருக்கட்டும் என்று படுக்கை வகுப்பில் முன்பதிவு செய்யப் பார்த்தேன். இங்கேதான் கதை தொடங்குகிறது. எக்ஸ்பிரஸ் வண்டியின் படுக்கை வகுப்பில் குறைந்தபட்சத் தூரம் இருநூறு கிலோமீட்டர் என்பது விதி. நாம் ஐம்பது கிலோமீட்டர் போனாலும் இருநூறுக்கான கட்டணத்தைச் செலுத்த வேண்டும், மூன்றடுக்கு ஏ.சி. என்றால் முந்நூறு. தலைக்கு நூற்றைம்பது ரூபாயை ஒட்டி வந்தது. மூத்த குடிமக்களுக்கான சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியவர்கள் இன்றுவரை திரும்பத் தராததால், முன்பு பாதிக் கட்டணத்தில் போன அம்மாவுக்கும் அதே தொகைதான். ஐரோப்பியக் கணக்கில் இது ஒரு காப்பி விலைகூட இல்லை என்பதால் பணத்தைக் கட்டிவிட்டேன். கிடைத்ததோ காத்திருப்புப் பட்டியல், அதிலும் பூல்டு கோட்டா. வண்டியின் முழுத் தூரத்துக்கும் போகாமல் நடுவில் ஏறி நடுவில் இறங்குகிறவர்களை ஒரு சிறிய ஒதுக்கீட்டில் அடைத்து, அதற்கென்று தனி வரிசையில் நிற்க வைக்கும் ஏற்பாடு அது; அந்த வரிசை எளிதில் நகராது.

நான் வேலை பார்க்கும் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ரயில் நேரத்துக்கு வருகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தாமதம் அங்கே அன்றாடச் செய்தி. ஆனால் வண்டி ஒரு மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தால் சீட்டு விலையில் கால் பங்கும், இரண்டு மணி நேரமானால் பாதியும் பயணிக்குத் திரும்ப வரும். மாதத்துக்கு 63 யூரோ கட்டி வாங்கும் ஒரே சீட்டில் நாடு முழுவதும் உள்ளூர் ரயில்களில் ஏறி இறங்கலாம். எந்த நிலையத்துக்கு எத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பயணி தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அங்கே வருவதே இல்லை.

இங்கோ, வண்டி சென்னையில் கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்பே சார்ட், அதாவது இடம் கிடைத்தவர்களின் இறுதிப் பட்டியல், தயாராகிவிட்டது. எங்கள் பெயர்கள் அதில் இல்லை. இணையத்தில் எடுத்த சீட்டு காத்திருப்பிலேயே இருந்துவிட்டால் அது தானாக ரத்தாகும்; அதை வைத்துக்கொண்டு எந்தப் பெட்டியிலும் ஏற முடியாது. பணம் திரும்ப வரும், ஆனால் எழுத்தர் கட்டணம் என்று தலைக்கு 60 ரூபாயைப் பிடித்துக்கொள்வார்கள். இணையச் சேவைக் கட்டணம் திரும்பி வராது. ஆக, இரண்டு பேர் பயணம் செய்யாமல் இருந்ததற்கு 120 ரூபாய்க்கு மேல் செலவு. இதில் எழுத்தர் யார், அவர் எதை எழுதினார் என்று கேட்கத் தோன்றியது. எல்லாவற்றையும் செய்தது கணினி அல்லவா?

மறுநாள் விடியலில் நிலையத்துக்குப் போய்க் கவுண்டரில் இருந்தவரிடம் நிலைமையைச் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். “புனலூருக்கு எவனாவது ரிசர்வேஷன் பண்ணுவானா சார்? வெளியூர்க்காரங்க மாதிரி ஏன் கஷ்டப்படுதீங்க? ரெண்டு ஜெனரல் தாரேன், அம்மாவைக் கூட்டிட்டுப் போய் ஜன்னல் ஓரமா உக்காருங்க.” தலைக்கு முப்பது ரூபாய் அளவில் இரண்டு சீட்டுகள், சில்லறையோடு, அரை நிமிடத்தில் கைக்கு வந்தன. அவரை நான் மனதார வாழ்த்துகிறேன்.

பொதுப் பெட்டியில் நான் அஞ்சிய கூட்டம் இல்லை. ராஜபாளையத்திலும் சங்கரன்கோவிலிலும் தென்காசியிலும் பாதிப் பேர் இறங்கிவிட்டிருந்தார்கள். அம்மாவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. நடைமேடையில் பின்பக்கமாக நடந்து போனபோது, நமக்குப் பிடிகொடுக்காத அந்தப் படுக்கைப் பெட்டிகளை எட்டிப் பார்த்தேன்: கீழ்ப் படுக்கைகள் காலியாகக் கிடந்தன, ஒன்றில் யாரோ விட்டுப்போன செய்தித்தாள் மட்டும் காற்றில் புரண்டுகொண்டிருந்தது. இதற்காகவா காத்திருப்புப் பட்டியல் என்று வயிறு எரிந்தது உண்மை. வண்டியைப் பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சினைக் கோத்த பிறகு மலையேற்றம் தொடங்கியது. ஐம்பது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அந்த வேகத்தைப் பற்றி மட்டும் எனக்குப் புகார் இல்லை. குகைக்குள் நுழைந்ததும் பெட்டியில் இருந்த பிள்ளைகள் அந்தக் காலத்தில் நாங்கள் கத்தியதைப் போலவே கத்தினார்கள். கழுதுருட்டிக்கு அருகே பதின்மூன்று கண் பாலத்தைக் கடந்தோம். அதன் அழகு கீழே சாலையில் போகிறவர்களுக்குத்தான் தெரியும். மேலே இருப்பவர்களுக்குக் கைப்பிடிச் சுவரும் மரத் தலைகளுமே காட்சி. அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை, பாலம் வந்தது தனக்குத் தெரிந்தது என்றார்.

திரும்பும் பயணத்துக்கான சீட்டை அம்மாவே புனலூர்க் கவுண்டரில் போய் எடுத்தார். இருநூறு கிலோமீட்டருக்குக் குறைந்த முன்பதிவில்லாச் சீட்டு மூன்று மணி நேரம் வரையிலோ, அந்தத் திசையில் அடுத்த வண்டி புறப்படும் வரையிலோ, எது பிந்தியதோ அதுவரை செல்லும். வண்டிக்கும் வண்டிக்கும் இடையே பல மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டிய இந்தத் தடத்துக்கு இது ஒன்றுதான் நல்ல விதி. அதை அறிந்திருந்த அம்மா, அத்தை வீட்டுக்குப் போகும் முன்பே சீட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்ளலாம் என்றார். வண்டி மாலையில்தான், இடையில் இன்னொரு வண்டியும் இருக்கிறது, அது போய்விட்டால் இந்தச் சீட்டு செல்லாது, வந்தபின் எடுக்கலாம் என்று நான் சொல்லியும், என் முன்பதிவு அனுபவத்துக்குப் பிறகு அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. எது எப்போது புறப்படும் என்று கவுண்டரில் இருந்த மலையாளிப் பெண்ணிடமே கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஆட்டோவில் ஏறினார்.