ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம்: உப்பு, எப்சம், சர்க்கரை, யூரியா, எதில் எவ்வளவு அடர்த்தி?

ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் எதைப் போட்டாலும் மொத்த எடை ஒன்றுதான். அடர்த்தி மட்டும் ஒன்றாக வருவதில்லை. போட்ட பொருள் கரைந்தபின் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது. 20 டிகிரியில், நல்ல தண்ணீரின் அடர்த்தி 0.998 (மி.லி.க்கு இத்தனை கிராம்) என்று வைத்துக்கொண்டு பார்த்தால் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்:

சாப்பாட்டு உப்பு: கொள்ளளவு 32 மி.லி. கூடும், அடர்த்தி 1.064
எப்சம் உப்பு (படிக மெக்னீசியம் சல்பேட்): 52 மி.லி., 1.044
சர்க்கரை: 62 மி.லி., 1.034
யூரியா: 74 மி.லி., 1.023
எத்தனால்: 117 மி.லி., 0.983

உப்பு முதலிடம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. 100 கிராம் உப்பு படிகமாக இருக்கும்போது அடைக்கும் இடம் 46 மி.லி. கரைந்தபின் கூடுவதோ 32 மி.லி.தான். சோடியம், குளோரைடு அயனிகள் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை நெருக்கி இழுத்துக்கொள்வதால் தண்ணீரே கொஞ்சம் சுருங்கிவிடுகிறது. சர்க்கரையில் அயனி இல்லை. படிகமாக அடைத்த 63 மி.லி. இடத்தைக் கரைந்த பிறகும் ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொள்கிறது. எத்தனால் தண்ணீரைவிட இலேசானது என்பதால் அடர்த்தியைக் குறைக்கிறது. ஏதாவது கரைந்தாலே தண்ணீர் கனத்துவிடும் என்ற எண்ணம் தவறு என்பதற்கு அது ஒன்றே போதும்.

எப்சம் உப்பைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அந்த 100 கிராமில் சுமார் 51 கிராம் படிகத்துக்குள் பிணைந்திருக்கும் தண்ணீர். கூடிய 52 மி.லி.யில் கிட்டத்தட்ட எல்லாமே அந்தத் தண்ணீரின் கணக்கு. மீதி 49 கிராம் மெக்னீசியம் சல்பேட் இடமே அடைக்காதது போல உள்ளே போய்விடுகிறது. இரட்டை மின்னூட்டம் கொண்ட அயனிகளின் இழுவிசை அப்படி.

கரைக்க முடிந்த அளவு கரைத்தால் அடர்த்தி எதுவரை போகும் என்று கேட்டால் வரிசை மாறிவிடும். சாப்பாட்டு உப்பு லிட்டருக்கு 360 கிராமோடு நின்றுவிடும், அடர்த்தி 1.20. எப்சம் 1.28 வரைக்கும் போகும். சர்க்கரைப் பாகு 1.32-ஐத் தாண்டும், ஆனால் பிசுபிசுப்பு ஏறிக் கலக்குவதே பாடாகிவிடும். சுமார் 1.08 அடர்த்தியுள்ள புது முட்டை ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் மிதக்கவிட உப்பு 130 கிராம், எப்சம் 200 கிராம், சர்க்கரை 250 கிராம் வேண்டும். யூரியா 400 கிராமைத் தாண்டும். முட்டைக்கு உப்பேதான். பழைய முட்டையின் காற்றறை பெரிதாகியிருக்கும், இன்னும் குறைந்த உப்பிலேயே மிதந்துவிடும்.

பள்ளிக் கண்காட்சிக்கு வண்ண அடுக்கு வைப்பவர்கள் வழக்கமாக அடியில் உப்புக் கரைசல், மேலே சர்க்கரைக் கரைசல் என்று ஊற்றுகிறார்கள். எண்களைப் பார்த்தால் 1.064-க்கு மேல் 1.034, சரியாகத்தான் தெரியும். ஆனால் உப்பு சர்க்கரையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகப் பரவும். எல்லைக்கோட்டில் உப்பு மேலே ஏறி, சர்க்கரைக் கரைசல் மெல்லிய விரல்களாகக் கீழே இறங்கத் தொடங்கும். விளக்குக்கு எதிரே கண்ணாடிக் குடுவையைப் பிடித்தால் நூல் நூலாகத் தெரியும். நடுவர் வந்து சேர்வதற்குள் நிறங்கள் கலங்கிவிடும். அடுக்கு நிலைக்க வேண்டுமானால் எல்லா அடுக்கிலும் ஒரே பொருளை, அதுவும் சர்க்கரையைப் பயன்படுத்துவது நல்லது. லிட்டருக்கு 300 கிராம் (1.095), 150 கிராம் (1.051), 50 கிராம் (1.017), மேலே வெறும் தண்ணீர். கனமானதை முதலில் ஊற்றி, மற்றவற்றைக் கரண்டியின் முதுகில் விட்டு மெதுவாக இறக்க வேண்டும். எல்லாக் கரைசலும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே ஊற்ற வேண்டும்.

எண்கள் ஒத்துவராமல் போவதற்குப் பெரும்பாலும் பொருள்தான் காரணம். நம் ஊர் ஈரக்காற்றில் கல் உப்பு கசியும். 100 கிராம் என்று நிறுத்ததில் தண்ணீரும் சேர்ந்திருக்கும். வாணலியில் வறுத்து, ஆறவிட்டு நிறுக்க வேண்டும். தூள் உப்பில் கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்ப்பது கரைசலைக் கலங்கலாக்கும். உரக்கடை யூரியாவில் வேப்பெண்ணெய்ப் பூச்சு இருப்பதால் மேலே படலம் நிற்கும். போதாததற்கு யூரியா கரையும்போது தண்ணீர் 5 டிகிரி வரை குளிரும், அப்போதே அளந்தால் அடர்த்தி கூடுதலாகக் காட்டும். இன்னொன்று: ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் போடுவது வேறு, 100 கிராமில் தண்ணீர் ஊற்றி ஒரு லிட்டர் கரைசலாக்குவது வேறு. உப்பில் இரண்டாவது வழி 1.066 தரும்.

அளக்கும் கருவியிலும் போட்டி உண்டு. கரைசலில் மிதக்கவிட்டு அடர்த்தியைப் படிக்கும் ஹைட்ரோமீட்டர் சுலபம். சென்னையில் கொளத்தூர் வண்ணமீன் கடைகளிலும், பாரிமுனைப் பக்கம் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். தண்டில் ஒட்டும் காற்றுக்குமிழ் அதைத் தூக்கிவிடும், சுழற்றி உதிர்த்துவிட்டுப் பாருங்கள். எந்த வெப்பநிலைக்கு அளவிடப்பட்டது என்று உள்ளே இருக்கும் காகிதச் சுருளில் அச்சாகியிருக்கும். சென்னைக் குழாய்த்தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் அடர்த்தி 0.9957. 20 டிகிரியோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு 3.5 கிராம் உப்பை எடுத்துவிட்டதற்குச் சமமான வித்தியாசம்.

தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் அடர்த்தியை அளப்பதே இல்லை, மின்கடத்தலைத்தான் அளக்கிறது. சர்க்கரைக்கும் யூரியாவுக்கும் அது அசையாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கோ அதுதான் சரி. கரைந்தவற்றின் மொத்த அளவுக்குக் குடிநீருக்கான இந்தியத் தரம் ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 500 மி.கி., வேறு வழியில்லாத இடத்தில் 2000 மி.கி. என்கிறது. 2000 மி.கி. உப்பும் அடர்த்தியை 0.0015 அளவுக்குத்தான் கூட்டும், 0.002 கோடுகள் போட்ட ஹைட்ரோமீட்டரில் அது தெரியாது.

நம்பகம் வேண்டுமென்றால் 0.01 கிராம் காட்டும் தராசும் 100 மி.லி. குடுவையும் போதும். காலிக் குடுவையை நிறுங்கள். கோடுவரை வாலைவடிநீர் ஊற்றி நிறுங்கள், பிறகு கரைசலை அதே கோடுவரை ஊற்றி நிறுங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். குடுவை எடையைக் கழித்து, கரைசலின் எடையைத் தண்ணீரின் எடையால் வகுத்தால் ஒப்படர்த்தி (தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பது) வந்துவிடும். குடுவையின் கோடு சற்றுத் தவறாக இருந்தாலும் வகுக்கும்போது அந்தப் பிழை அடிபட்டுப்போகும்.